மலைப்படத்தில் இல்லாத உயரம்

பள்ளிப் புத்தகங்களிலும் கல்லூரிப் புத்தகங்களிலும் தலைமுறை தலைமுறையாக ஒரு படம் இடம்பெற்று வருகிறது. கூம்பு வடிவில் ஒரு மலை. அதன் குறுக்கே நாலைந்து கோடுகள். அடிப்பட்டையில் முட்புதர்க் காடு, அதற்கு மேல் இலையுதிர் காடு, அதற்கும் மேல் பசுமை மாறாக் காடு, பிறகு மலைச்சோலை, உச்சியில் புல்வெளி. ஓரத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. படத்தின் கீழே ஒரே வரி: 'உயரம் கூடக் கூட வெப்பநிலை குறைகிறது, அதற்கேற்பத் தாவரங்கள் மாறுகின்றன.' மாணவன் இந்தப் படத்தை வரைந்து பெயர்களைக் குறித்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

இந்தப் படத்தைச் சற்று நிதானமாக விமரிசிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் விருத்தாசலத்தின் பெயருக்குப் பொருள் 'பழைய மலை'. திருமுதுகுன்றம் என்ற பழம்பெயருக்கும் அதுவே பொருள். ஆனால் மலை பெயரில்தான் இருக்கிறது. ஊரைச் சுற்றிச் செம்மண் மேடும், முந்திரித் தோப்பும், மணிமுத்தாறும், பீங்கான் சூளைகளுமே உண்டு. இத்தகைய ஊர்களில் வளரும் மாணவர்கள் மலையைப் பெரும்பாலும் புத்தகப் படத்தில்தான் முதலில் பார்க்கிறார்கள். மலையைப் படத்தில் மட்டும் பார்க்கிறவனுக்குப் படம் சரியாக இருக்கவேண்டியது மிக அவசியம். மலையின் அருகில் இருப்பவன் படத்தின் குறையைக் கண்ணால் திருத்திக் கொள்வான்; சமவெளியில் இருப்பவனுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

சோதனைக்கு நாம் எடுத்துக்கொள்ளும் மலை நீலகிரி. இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக 1986-இல் அறிவிக்கப்பட்டது நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம். அதன் பரப்பு 5,520 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் என மூன்று மாநிலங்களில் அது பரவியிருக்கிறது. அடிவாரத்துத் தாழ்நிலம் முதல் 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரத்தையொட்டிய பீடபூமி வரை எல்லா உயரங்களும் இப்பகுதியில் உள்ளன. படத்தைச் சோதிக்க இதைவிட நல்ல மலை நமக்கு வேண்டியதில்லை.

படத்தின் மூதாதை

முதலில் இந்தப் படம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜெர்மானிய அறிஞர் அலெக்சாண்டர் வான் ஹம்போல்ட், பிரெஞ்சுத் தாவரவியலார் எமே போன்பிளானுடன் தென் அமெரிக்காவில் பயணம் செய்து, 1802-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 23-ஆம் நாள் இன்றைய ஈக்வடார் நாட்டிலுள்ள சிம்போராசோ எரிமலையில் ஏறினார். உச்சியை எட்டவில்லையெனினும், அக்காலத்தில் ஆவணப்படி எவரும் எட்டாத உயரத்தை எட்டினார். 1807-இல் பாரிஸில் வெளிவந்த அவரது தாவரப் புவியியல் நூலுடன் ஒரு பெரிய படம் இணைக்கப்பட்டிருந்தது. மலையை நடுவில் வெட்டிக் காட்டுவதுபோல் வரைந்து, எந்த உயரத்தில் எந்தச் செடி வளர்கிறது என்று அதன் பெயரையே அந்த இடத்தில் எழுதியிருந்தார்.

இரண்டு செய்திகளை இங்கே கவனிக்கவேண்டும். முதலாவது, ஹம்போல்ட்டின் படத்தில் மலையின் இருபுறமும் பல பத்திகள் இருந்தன. காற்றழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம், நீர் கொதிக்கும் வெப்பநிலை, வானத்தின் நீலச்செறிவு, ஒளி காற்றில் மங்கும் அளவு என்று உயரத்தோடு மாறும் பலவற்றையும் அவர் பக்கத்தில் அட்டவணையாகத் தந்திருந்தார். அதாவது, உயரம் என்பது ஒரே காரணமல்ல. பல காரணங்கள் சேர்ந்து வரும் ஒரு மூட்டை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த பாடநூல்கள் மூட்டையைப் பிரித்து வெப்பநிலையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டன. செடிகளின் பெயர்கள் இருந்த இடத்தில் வண்ணப் பட்டைகள் வந்து சேர்ந்தன.

இரண்டாவது செய்தி, மூலப் படமும் குறையற்றதல்ல என்பது. சிம்போராசோவில் ஏறிய ஓர் ஆய்வுக் குழு 2015-இல், ஹம்போல்ட் காலத்தோடு ஒப்பிட்டால் செடிகள் 500 மீட்டருக்கும் மேலாக மலையேறிவிட்டன என்று அறிவித்தது. 2019-இல் வேறொரு குழு ஹம்போல்ட்டின் பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தது. மரங்கள் முடியும் எல்லைக்கு மேலே அவர் குறித்த செடிகளில் பெரும்பாலானவை சிம்போராசோவில் எடுத்தவையே அல்ல, அண்டிசானா என்ற வேறோர் எரிமலையில் எடுத்தவை என்பது தெரியவந்தது. சரியான மலையோடு ஒப்பிட்டபோது செடிகள் ஏறிய உயரம் 215 முதல் 266 மீட்டர் வரை என்றே கணக்காயிற்று, ஏறக்குறைய பாதி! பல மலைகளைச் சேர்த்து ஒரே மலையாக வரைந்த படத்தை, ஒரு குறிப்பிட்ட மலையின் அளவீடாக வாசித்ததால் வந்த பிழை இது. இருநூறு ஆண்டுக்குப் பின்னும் ஒரு படம் வல்லுநர்களையே வழிதவறச் செய்யும் என்றால், பத்தாம் வகுப்பு மாணவனைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை.

படம் சொல்லும் உண்மை

விமரிசிப்பவன் முதலில் நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். உயரம் கூடினால் வெப்பநிலை குறையும் என்பது உண்மை. மேலே செல்லும் காற்றின் மீது அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது. விரிவதற்கு வேண்டிய ஆற்றலைத் தன் வெப்பத்திலிருந்தே அது செலவழிக்கிறது, அதனால் குளிர்கிறது. ஈரமற்ற காற்று கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி செல்சியஸ் குளிரும். ஈரக் காற்றில் நீராவி மேகமாக உறையும்போது உள்ளுறை வெப்பம் வெளிப்படுவதால் குளிர்தல் மட்டுப்படும். சராசரியாகக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி என்று கொள்வது வழக்கம்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர். உதகமண்டலம் சுமார் 2,240 மீட்டர். வேறுபாடு ஏறத்தாழ 1.9 கிலோமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 12 டிகிரி வருகிறது. மலைரயிலில் ஏறும்போது போர்வையைத் தேடவைக்கும் வேறுபாடு இதுதான். இத்தனை டிகிரி மாறினால் செடிகொடிகளும் மாறாமல் இருக்குமா? மாறத்தான் செய்யும். படம் இதுவரை சரி. இதற்கு மேல்தான் சிக்கல்கள் தொடங்குகின்றன.

ஒரே உயரம், இரு காடுகள்

படத்தின்படி ஒரே உயரத்தில் ஒரே வகைக் காடுதான் இருக்கவேண்டும். நீலகிரியைச் சுற்றி ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் ஒரு வட்டம் போட்டுப் பார்ப்போம். வடகிழக்கே சீகூர், மசினகுடிப் பகுதி. அங்கே முள்மரங்களும் வறண்ட இலையுதிர் காடும் நிற்கின்றன. தென்மேற்கே, 1984-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு. அங்கே வானை மறைக்கும் பசுமை மாறா மழைக்காடு. இரண்டின் உயரமும் ஏறக்குறைய ஒன்றே. காடுகளோ இரு வேறு உலகங்கள்.

காரணம் மழை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குச் சரிவில் மோதி மேலேறிக் குளிர்ந்து, தன் நீரை அங்கேயே கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது அது வறண்ட காற்று; இறங்கும்போது அமுங்கி வெப்பமும் அடைகிறது. முதுமலைக் காட்டுக்குள்ளேயே மேற்கிலிருந்து கிழக்கே சில மணி நேரம் பயணம் செய்தால், உயரம் அதிகம் மாறாமலே, ஈர இலையுதிர் காடு வறண்ட காடாகி, வறண்ட காடு முட்காடாவதைக் காணலாம். இந்த மாற்றம் மலைமேல் ஏறும் திசையில் நிகழவில்லை, பக்கவாட்டில் நிகழ்கிறது. கூம்புப் படத்தில் பக்கவாட்டுத் திசைக்கு இடமே இல்லை.

இந்தக் குறையை நீக்கும் முறையும் நம் அருகிலேயே உருவாகியிருக்கிறது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1960-களின் தொடக்கத்திலிருந்து இந்தியத் தாவரப் போர்வை வரைபடங்களை வெளியிட்டது. பிரெஞ்சுத் தாவரவியலார் கோசான் வகுத்த ஓர் எளிய விதி அவற்றில் பயன்பட்டது. ஒரு மாதத்தின் மழை, மில்லிமீட்டர் கணக்கில், அம்மாதச் சராசரி வெப்பநிலையின் இரு மடங்குக்குக் குறைவாக இருந்தால் அது வறண்ட மாதம். 25 டிகிரி வெப்பமுள்ள ஊரில் 50 மில்லிமீட்டருக்குக் குறைந்த மழை பெய்தால் அந்த மாதம் வறண்டது. 14 டிகிரி உள்ள மலையூரில் 28 மில்லிமீட்டர் பெய்தாலே வறட்சி இல்லை. இங்கே உயரம் மறைமுகமாகத் தன் வேலையைச் செய்கிறது: குளிர்ச்சியால் நீர்த்தேவையைக் குறைக்கிறது. ஆண்டில் எத்தனை வறண்ட மாதங்கள் என்று எண்ணினால், மசினகுடிக்கும் அமைதிப் பள்ளத்தாக்குக்கும் உள்ள வேறுபாடு உடனே விளங்கும். விரல்விட்டு எண்ணும் இந்த விதியைப் பாடநூலில் சேர்ப்பதில் என்ன கடினம் இருக்கிறது?

உதகை ஐரோப்பா அல்ல

படத்தோடு சேர்த்து இன்னொரு வாக்கியமும் வழங்கி வருகிறது: மலையில் ஏறுவது துருவத்தை நோக்கிப் பயணம் செய்வதற்கு ஒப்பானது. உதகையை ஆங்கிலேயர் தங்கள் நாட்டோடு ஒப்பிட்டு மகிழ்ந்ததும் இந்த எண்ணத்தினால்தான். இந்தியக் காடுகளை வகைப்படுத்தி சாம்பியனும் சேத்தும் 1968-இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலும், நம் மலைச்சோலைகளை 'தென்னக மலை ஈர மிதவெப்பக் காடு' என்ற பெயரில்தான் சேர்த்திருக்கிறது. 'மிதவெப்பம்' என்பது நடு அட்சரேகை நாடுகளுக்குரிய சொல்.

சராசரி வெப்பநிலையை மட்டும் பார்த்தால் ஒப்பீடு பொருந்துவதுபோல் தோன்றும். ஆனால் உதகை இருப்பது வடக்கு அட்சரேகை 11.4 டிகிரியில். அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு சுமார் 80 நிமிடமே. லண்டனில் அது எட்டு மணி நேரத்திற்கும் மேல். லண்டன் மரத்துக்குக் குளிர்காலம் என்பது மாதக்கணக்கில் நீளும் பருவம். இலையை உதிர்த்துவிட்டு உறங்கிவிடுகிறது. உதகையின் ஜனவரியிலோ குளிர் இரவில் வருகிறது. காலை பத்து மணிக்குள் சுள்ளென்று வெயில் அடிக்கிறது. உயரத்தினால் காற்று மெலிந்திருப்பதால் அந்த வெயிலும் கடுமை. புற ஊதாக் கதிர்கள் கிலோமீட்டருக்குச் சுமார் 10 விழுக்காடு கூடுகின்றன. ஒரே நாளில் பனியையும் வெயிலையும் தாங்கவேண்டிய இலை, உறங்கவும் முடியாது, உதிரவும் முடியாது.

சோலை மரங்களைப் பார்த்தால் இதன் அடையாளம் தெரியும். குட்டையான மரம், உருண்டு திரண்ட தலை, சிறிய தடித்த தோல்போன்ற இலை, ஆண்டு முழுவதும் பசுமை. மிதவெப்ப நாட்டின் மரத்துக்கு உரிய தோற்றம் அல்ல இது. இங்கேதான், இந்த மலையிலேயே, அமைந்துவந்த தோற்றம். பெயர் வைப்பதில் நம் முன்னோர் முறை ஒரு வகையில் மேலானது. நிலத்தை உயர அளவால் அல்லாமல், அங்கே பூக்கும் குறிஞ்சியைக் கொண்டே அவர்கள் அழைத்தார்கள்.

அடுத்தடுத்து நிற்கும் புல்லும் சோலையும்

படத்தை முற்றிலும் திணறடிக்கும் காட்சி முக்கூர்த்தியில் இருக்கிறது. 1982-இல் வரையாட்டைக் காப்பதற்காகச் சரணாலயமாக்கப்பட்டு, 1990-இல் தேசியப் பூங்காவான இந்த 78.46 சதுர கிலோமீட்டர் பகுதி, பீடபூமியின் மேற்கு விளிம்பில் உள்ளது. மடிப்பு மடிப்பான குன்றுகள். குன்றின் முதுகெல்லாம் புல். மடிப்புகளில், ஓடை தொடங்கும் குழிவுகளில், கறுத்தடர்ந்த சோலை. இரண்டுக்கும் இடையே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. சோலையிலிருந்து பத்து அடி நடந்தால் புல்வெளி. இரண்டு இடத்துக்கும் உயரம் ஒன்று, மழை ஒன்று, சராசரி வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்று. படத்தில் சோலைக்கு ஒரு பட்டை, அதற்கு மேலே புல்லுக்கு ஒரு பட்டை. மலையிலோ சோலையும் புல்லும் ஒரே பட்டையில், கைகோத்துக் கொண்டு நிற்கின்றன.

இந்தப் புதிர் 1938-ஆம் ஆண்டிலேயே பெரிய விவாதமாயிற்று. 'இந்தியன் ஃபாரெஸ்டர்' இதழில் சி. ஆர். ரங்கநாதன் ஒரு கருத்தைச் சொன்னார்: திறந்த வெளியில் விழும் உறைபனியைச் சோலை மரக் கன்றுகள் தாங்குவதில்லை, ஆகவே புல்வெளி இயற்கையாகவே நிலைத்திருக்கிறது. அதே ஆண்டு, அதே இதழில் என். எல். போர் மறுத்தார்: தீயும் மேய்ச்சலுமே காரணம், அவை இல்லாவிட்டால் சோலை பரவிவிடும். தோடர்களின் எருமைகள் நெடுங்காலமாக மேய்ந்துவரும் புல்வெளி அல்லவா!

ரங்கநாதனின் கருத்துக்கு ஒரு தடை உடனே எழும். குளிர்காற்று கனமானது, இரவில் சரிவு வழியாக இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அப்படியானால் பனி பள்ளத்தில்தானே அதிகம் விழவேண்டும்? சோலையோ குழிவுகளில் இருக்கிறதே! இந்த இடத்தில்தான் இயற்பியல் கைகொடுக்கிறது.

தரையிலிருந்து ஒரு மீட்டர்

வானிலை நிலையத்தின் வெப்பமானி, தரையிலிருந்து சுமார் நான்கு அடி உயரத்தில், காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கும். பாடநூல் தரும் வெப்பநிலை அந்தப் பெட்டியின் வெப்பநிலை. ஆனால் ஒரு மரக்கன்று பிறப்பது அந்தப் பெட்டிக்குள் அல்ல. புல்லோடு புல்லாகத் தரையில் பிறக்கிறது.

இரவில் தரையும் புல்லும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகத் தம் வெப்பத்தை வானுக்கு அனுப்புகின்றன. வானத்திலுள்ள நீராவியும் மேகமும் அதில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகின்றன. சமவெளியில் இந்த நீராவிப் போர்வை தடிமனானது. நீராவியில் பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து முதல் இரண்டு கிலோமீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. உதகை அதற்கும் மேலே நிற்கிறது. பருவமழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி மாதங்களில், மேகமற்ற, காற்றசையாத இரவில், தலைக்குந்தா, அவலாஞ்சி போன்ற இடங்களில் புல்நுனியின் வெப்பம் தடையின்றி வானுக்குப் போய்விடுகிறது. பெட்டிக்குள்ளிருக்கும் வெப்பமானி சுழிக்கு மேலே சில டிகிரி காட்டும்போதே, புல்நுனி சுழிக்குக் கீழே போய் வெண்பனி பூத்துவிடுகிறது. குளிர் கடுமையாக இருப்பது தரையை ஒட்டிய சிறு அடுக்கில்தான்.

ஆகவே மலைத்தாவரத்துக்கு இரண்டு உயரங்கள் உண்டு. கடல் மட்டத்திலிருந்து உயரம் ஒன்று. தரை மட்டத்திலிருந்து உயரம் இன்னொன்று. முதல் உயரம் வானப் போர்வையை மெலிதாக்குகிறது. உயிர்பிழைப்பதா இல்லையா என்பது முடிவாவதோ இரண்டாவது உயரத்தில். 2,000 மீட்டர் உயரத்தில் பிறந்த கன்று, அதற்கு மேல் தானாக ஏறவேண்டிய அந்த ஒரு மீட்டரில்தான் பனியில் கருகுகிறது. புல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதன் நுனி கருகினாலும், வளரும் குருத்து தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கிறது.

இனிச் சோலைக்குள் நுழைவோம். அங்கே தரை வானத்தைப் பார்ப்பதில்லை, இலைக்கூரையைப் பார்க்கிறது. கூரையும் தரையும் ஒன்றுக்கொன்று வெப்பத்தைப் பரிமாறிக் கொள்வதால் உள்ளே பனி விழுவது அரிது. குழிவுகளில் மண் ஆழமும் ஈரமும் அதிகம். ஈர மண் பகலில் சேர்த்த வெப்பத்தை மெல்லத்தான் இழக்கும். ஒருமுறை சோலை அமைந்துவிட்டால் அது தன் கன்றுகளுக்குத் தானே போர்வையாகிறது. அமையாத இடத்தில் புல் தொடர்கிறது. பனி மிகுதியாகத் தேங்கும் அகன்ற பள்ளத்தின் அடித்தட்டில் பெரும்பாலும் சோலை இல்லை, சதுப்பும் புல்லுமே இருக்கின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மேலே சொன்ன தடை நீங்குகிறது.

ஊகம் மட்டும் போதாது, சோதனை வேண்டும். பெங்களூரிலுள்ள தேசிய உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் சோலை மரக் கன்றுகளையும் வெளிநாட்டுச் சீகை மரக் கன்றுகளையும் வைத்துச் சோதித்து, 2020-இல் முடிவை வெளியிட்டார்கள். புல்வெளியின் பனி சோலைக் கன்றுகளை மடியச் செய்கிறது. சீகைக் கன்று அதைவிட நன்றாகத் தாங்கி நிற்கிறது. எண்பத்திரண்டு ஆண்டுக்குப் பின் ரங்கநாதனுக்கு வலுவான சான்று கிடைத்தது. போரின் கருத்தும் முற்றிலும் தள்ளத்தக்கதல்ல. தீ, புல்வெளியில் வந்த கன்றை அழித்துச் சோலையின் ஈர விளிம்பில் வந்து அணைகிறது. எல்லையைக் கூர்மையாக்குவதில் அதற்கும் பங்குண்டு. புல்வெளியில் தனித்து நிற்கும் காட்டுப் பூவரசு, பனி தீ இரண்டையும் தாங்கிய அபூர்வ மரம்.

எங்கள் ஊர்ச் சூளைகளைப் பற்றி அறிந்தவர்களுக்கு இதை வேறு விதமாகச் சொல்லலாம். சூளைக்குள் செகர் கூம்பு என்ற சிறு மண்கூம்பை வைப்பதுண்டு. அது தலைசாய்ந்தால் சரக்கு வெந்தது என்று பொருள். அந்தக் கூம்பு வெப்பநிலையை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு வெப்பம், எவ்வளவு நேரம், அது இருந்த மூலையில் எப்படி என்ற எல்லாவற்றையும் சேர்த்தே காட்டுகிறது. ஒரே தட்டில் வைத்த இரு கூம்புகள்கூட ஒரே மாதிரி சாய்வதில்லை. செடியும் அப்படித்தான். சூளையின் சராசரி வெப்பநிலையை வைத்துக் கூம்பின் சாய்வைக் கணிப்பவர், மலையின் உயரத்தை வைத்துக் காட்டைக் கணிப்பவரைப் போன்றவர்.

மலை வளரவில்லை, காடு மாறியது

படத்தில் இல்லாத மற்றொன்று காலம். நீலகிரியின் சதுப்புகளில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிய தாவரங்கள் அடுக்கடுக்காகப் படிந்து கிடக்கின்றன. வெப்பநாட்டுப் புற்களில் பெரும்பாலானவை 'சி-4' என்ற முறையில் ஒளிச்சேர்க்கை செய்பவை. மரங்கள் 'சி-3' முறையில் செய்பவை. புல் தன் உடலில் கார்பன்-13 என்ற கனமான கார்பனைச் சற்று அதிகமாக ஏற்கிறது. எனவே மட்கிய அடுக்கில் கார்பன்-13-இன் விகிதத்தை அளந்தால், அக்காலத்தில் எந்த வகைத் தாவரம் ஓங்கியிருந்தது என்று சொல்லிவிடலாம்.

ஆர். சுகுமார் முதலிய ஆய்வாளர்கள் இவ்வாறு அளந்து, சுமார் 20,000 ஆண்டு வரலாற்றை 1993-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். கடைசிப் பனியூழியின் உச்சத்தில், வறண்ட காலநிலையில், சி-4 புல் ஓங்கியிருந்தது. பருவமழை வலுத்த காலத்தில் சி-3 தாவரங்கள் பெருகின. மழை தளர்ந்தபோது மீண்டும் புல் முன்னேறியது. இந்த ஆண்டுகளில் நீலகிரி குறிப்பிடும்படி உயரவும் இல்லை, தாழவும் இல்லை. உயரம் நிலையாக நிற்கத் தாவரம் மாறியிருக்கிறது. காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடின் அளவு, மழை, பனி ஆகியவை மாறியதே காரணம். மேலும், காட்டை அழித்ததால் வந்த வெற்றிடமே புல்வெளி என்ற எண்ணத்தையும் இந்த ஆய்வு தகர்க்கிறது. மனிதர் அங்கே மாடு மேய்க்கத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே புல் அங்கே இருந்திருக்கிறது.

பிழையான படத்தின் விலை

'ஒரு படத்துக்கு இத்தனை விமரிசனமா?' என்று வாசகர்கள் கேட்கலாம். படத்திலுள்ள எண்ணம் மலையில் செயலாகும்போது விலை கொடுக்கவேண்டி வருகிறது. உயரத்துக்கு ஒரு காடு என்று நம்புகிறவருக்கு, சோலை நிற்கும் உயரத்தில் காணும் புல்வெளி, மரம் இருக்கவேண்டிய இடத்தில் மரம் இல்லாத வெற்று நிலமாகத் தோன்றும். ஆஸ்திரேலியாவிலிருந்து 1840-களில் நீலகிரிக்கு வந்த சீகையும், நாம் தைல மரம் என்றும் நீலகிரி மக்கள் கற்பூர மரம் என்றும் சொல்லும் யூகலிப்டசும் இந்த 'வெற்று' நிலத்தில்தான் நடப்பட்டன. விடுதலைக்குப் பின், தோல் பதனிடும் பட்டைக்காகவும் மரக்கூழுக்காகவும் அந்தத் தோட்டங்கள் பெருகின.

பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு செய்த ஆய்வு, நாற்பது ஆண்டுகளில் மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்துவிட்டதாகக் காட்டியது. உதகமண்டலத்திலுள்ள மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்று இயற்கைப் புல்வெளி. மற்றொன்றில் பெரும்பகுதி யூகலிப்டஸ். முதல் பத்தாண்டுச் சுழற்சியில் மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து சுமார் 16 விழுக்காடு குறைந்தது. பைக்காரா, குந்தா மின்நிலையங்களுக்கும், பவானி வழியாகக் காவிரிக்கும் போகவேண்டிய நீர்க்கணக்கு இது. குறிஞ்சியும் வரையாடும் வாழும் இடமும் அந்தப் புல்வெளியே. மரநிழல் விழுந்தால் இரண்டுக்கும் இடமில்லை.

தமிழ்நாடு அரசு 2022-இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டிருப்பது வரவேற்கத்தக்கது. ஆனால் இரவுக் குளிர் தணிந்துகொண்டே போனால், பனி என்ற இயற்கைக் காவலன் தளர்ந்து, பனியை ஏற்கெனவே தாங்கக்கூடிய சீகைக்கு வழி இன்னும் எளிதாகும். அப்போது எங்கே மரம் நடலாம், எங்கே நடக்கூடாது என்று முடிவுசெய்யப் போகிறவர்கள் இன்றைய மாணவர்கள். அவர்கள் கையில் பிழையான படம் இருக்கக்கூடாது.

பாடநூலுக்கு ஒரு பக்கம்

படத்தை நீக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் ஹம்போல்ட் வைத்திருந்த பத்திகளை மீண்டும் வைக்கவேண்டும். மலையின் இரு சரிவுகளையும் தனித்தனியே வரைந்து மழையைக் குறிக்கவேண்டும். பட்டைகளுக்கு நடுவே சோலையும் புல்லும் கலந்து நிற்பதைக் காட்டவேண்டும். எந்த மலையின் படம் என்று மலையின் பெயரை எழுதவேண்டும். பெயரில்லாத மலை எங்கும் இல்லாத மலை.

கூடவே ஒரு செய்முறைப் பயிற்சியும் வேண்டும். இதற்கு மலை தேவையில்லை, விருத்தாசலத்திலேயே செய்யலாம். மார்கழியில் மேகமற்ற ஓர் இரவில் மூன்று வெப்பமானிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றைத் திறந்தவெளியில் புல்நுனியில் கிடத்துங்கள். இன்னொன்றை அதே இடத்தில் நான்கு அடி உயரத்தில், மேலே ஓர் அட்டையை மறைப்பாக வைத்துத் தொங்கவிடுங்கள். மூன்றாவதை அடர்ந்த மாமரத்தின் கீழே புல்லில் வையுங்கள். விடியுமுன் மூன்றையும் படித்துக் குறியுங்கள். மேகமூட்டமான இன்னோர் இரவிலும் அப்படியே செய்து ஒப்பிடுங்கள். எங்கே பனித்துளி படிந்திருக்கிறது, எங்கே புல் உலர்ந்திருக்கிறது என்பதையும் எழுதுங்கள். நம் ஊரில் அது பனித்துளியோடு நின்றுவிடுகிறது. முக்கூர்த்தியில் அதே நிகழ்ச்சி உறைபனியாகி ஒரு காட்டின் எல்லையையே வகுக்கிறது.

இந்தப் பயிற்சியைச் செய்த மாணவனிடம் 'உயரம் தாவரங்களை எவ்வாறு பாதிக்கிறது?' என்று தேர்வில் கேட்டால், அவன் பேனாவை எடுக்குமுன் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பான்: 'எதிலிருந்து உயரம், ஐயா?' அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் தரலாம்.